சீர்த்தட்டில் ஒரு பாட்டில்

மருமகள் இனியாவின் சீர்வரிசையில் ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரைக் கண்டதும் சுகந்தியின் முகம் சுருங்கியது.

"உங்க கோழிப்பண்ணைச் சாக்கடைத் தண்ணியவா சீராக் குடுத்துவுட்டாங்க?"

"அதுல எங்க பண்ணைச் சாக்கடையில இருந்து எடுத்து எங்கப்பா வளர்த்த வைரஸ் இருக்குதுங்க அத்தை. கோழிய ஒண்ணும் பண்ணாது, கிருமியத்தான் திங்கும்."

ஆடியில் சுகந்தியின் பண்ணைத் தண்ணீர்க் குழாய்களுக்குள் வழவழவென்று கிருமிப் பாசி படிந்தது. ப்ளீச்சிங் பவுடருக்கும் அது அசையவில்லை. குஞ்சுகள் கூடை கூடையாகச் செத்தன. இனியா அந்தப் பாட்டிலைத் தொட்டியில் ஊற்றினாள். ஒரு வாரத்துக்குள் குழாயெல்லாம் பளிச்சென்று ஆகி, கொட்டகை முழுக்கக் கீச்சுக்கீச்சென்று ஒரே சத்தம்.

தையில் சுகந்தியின் மகளுக்குக் கல்யாணம். தட்டுகளில் நகையும் பட்டும் நிறைந்திருந்தன. சுகந்தி பதறியடித்து ஓடிவந்தாள்.

"இனியா, நம்ம சாக்கடையில ஒரு பாட்டில் மொண்டுட்டு வா கண்ணு. புள்ளைய வெறுங்கையோடவா அனுப்பறது?"