சுவருக்குள் தண்ணீர்

"அந்த வால்வை மூடிப் பூட்டணும் சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே, அதை மட்டும் கேட்காதே என்று மேனேஜர் பாண்டித்துரை சொல்லியிருந்தார். கவிப்ரியா அதைத்தான் கேட்டாள்.

பாம்பனில் விசைப்படகுகளுக்கு டீசல் போடும் கிடங்கு அது. டேங்க் கசிந்தால் கடலுக்குப் போகாமல் தடுக்கத்தான் சுற்றிலும் சுவர். மழைநீர் வடிய அதில் ஒரு வால்வு. மற்ற நேரத்தில் மூடியிருக்க வேண்டியது, எப்போதும் திறந்தே கிடந்தது.

"ஏம்மா, உங்க ஊரு கண்மாய் மடைன்னு நெனச்சியா? மூடினா தண்ணி நிக்கும்."

"மழையே இல்ல. தண்ணி எங்கிட்டு இருந்து வரும்? டீசல் கடலுக்குப் போனா வலைக்காரன் வாயில மண்ணு."

"வீட்டுல மொத ஆளாப் படிச்ச புள்ளைல்ல, பேசத்தான் செய்வ."

சாயங்காலம் அவளே மூடிப் பூட்டினாள்.

காலையில் சுவருக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. சுவரில் கீறலே இல்லை. சின்ன மீன்கள் ஓடின. வெளியே கடல் அசையாமல் கிடக்க, உள்ளே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாண்டித்துரை டீயை ஆற்றினார். "எத்தனை தடவை மூடிப் பாத்திருப்போம். திறந்துவிடு, போயிரும்."

"திறந்தா டீசல் போகும். மூடினா இந்தத் தண்ணி நெறஞ்சு, கசியுற டீசல் நிக்க எடமில்ல. டேங்கைத்தான் காலி பண்ணணும். கலெக்டர் ஆபீசுல சொல்லப் போறேன்."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னால் சுவருக்குள் ஓர் அலை அடித்தது. முதுகில் துளிகள் தெறித்தன. அவள் திரும்பவில்லை.