மூடி போட்டு எடுத்த படம்

வேலி அரை முழம் தள்ளியதில் வந்த சண்டைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு மின்ச்சோ, இரவில் வானத்தைப் படமெடுக்கும் ராடோயின் தொலைநோக்கிக்கு நேராகக் கம்பம் நட்டு மஞ்சள் விளக்குப் போட்டான். ராடோய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் அவர் எடுத்த சுருள் விண்மீன் மண்டலப் படங்கள் எல்லாவற்றின் ஓரத்திலும் மஞ்சள் வழிந்தது.

குளிர்கால முடிவில் மின்ச்சோ செத்தான். வாசல் கதவில் அவன் படத்தோடு மரண அறிவிப்பை ஒட்டினார்கள். அவன் மனைவி ஸ்லாத்தினா பல்பைக் கழற்றி, கம்பத்தையும் அறுத்து அடுப்பில் வைத்தாள்.

வானம் தெளிந்ததும் ராடோய் படமெடுத்தார். ஓரத்தில் மஞ்சள் இருந்தது. கேமராவின் கோளாறா என்று பார்க்க, தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு இன்னொன்று எடுத்தார். வெறும் இருட்டு விழவேண்டிய படம் அது. அதிலும் மஞ்சள் இருந்தது.

மறுநாள், மின்ச்சோவின் நாற்பதாம் நாள் படையலின் அவித்த கோதுமையோடு ஸ்லாத்தினா வந்தாள்.

"உன் புருஷன் செத்தும் விளக்க அணைக்கலம்மா," என்றார்.

"நீங்க திட்டவாவது வருவீங்கன்னுதான் அண்ணே போட்டாரு. ரக்கியா சாராயத்துக்கு ரெண்டு கிளாஸ் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீங்கதான் கல்லுளிமங்கன் மாதிரி இருந்துட்டீங்க."

அன்றிரவு ராடோய் வேலியோரம் போய், கம்பத்தின் அடிக்கட்டையைப் பார்த்துக் கத்தினார்: "அணைச்சுத் தொலைடா, மின்ச்சோ!"

மூடி போட்டு எடுத்த அடுத்த படத்தில் மஞ்சள் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது.

வசந்தம் முழுக்க வானம் தெளிவாகவே இருந்தது. ராடோய் மூடியைக் கழற்றாமலே படமெடுத்துக்கொண்டிருந்தார்.