குட்டிக்கு மறுபடியும் வயிறு சரியில்லை

வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவரின் கடைவாய்ப் பல்லை டாக்டரம்மா குடைந்துகொண்டிருந்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நின்ற உதவியாளரின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. யார் என்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மணி பன்னிரண்டரை, அப்பாதான்.

பல்லை அடைத்து முடித்ததும் ஓரமாகப் போய்ப் பேசினாள்.

"மறுபடியும் போயிடுச்சும்மா. கூடம் முழுக்க. என்னால குனிய முடியாது, நீ வந்தாத்தான் ஆகும்."

போனது நாய்க்குட்டி. அம்மா காலமான பின் மூன்றாம் மாடியில் அப்பா தனியாகக் கிடக்கிறாரே, முட்டிவலியில் படி இறங்கவும் முடியவில்லையே என்று அவள்தான் வாங்கி விட்டாள். துணை கிடைத்துவிட்ட தைரியத்தில், தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் வாரம் ஒருமுறை போகத் தொடங்கினாள்.

குட்டியும் சமர்த்து. இரண்டே வாரத்தில் பால்கனியில் விரித்த பேப்பரில் போகப் பழகிவிட்டது. எந்தக் கண் பட்டதோ, ஒரு மாதமாக எல்லாம் தலைகீழ். ஓயாத வயிற்றுப்போக்கு, பேப்பர் இருக்கும் திசையே அதற்கு மறந்துபோயிற்று.

நாய் டாக்டர் மாத்திரை கொடுத்தார். குழைய வேகவைத்த சோறு மட்டும் போடச் சொன்னார், பாலைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். அவள் போனில் ஒப்பித்ததற்கெல்லாம் அப்பா சரி சரி என்றார்.

என்றைக்கெல்லாம் போகிறது என்று எழுதி வரச் சொன்னதால் அதையும் எழுதினாள். ஒரு வாரம் திங்கள், புதன், இன்னொரு வாரம் செவ்வாய், வியாழன், வெள்ளி. அவள் அங்கே இருக்கும் ஞாயிறு மட்டும் எல்லா வாரமும் காலி. உங்களைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று டாக்டர் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று கோட்டைக் கழற்றும்போது டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னிக்குப் போயிட்டு வா. இன்னொரு தடவை பாதியில கிளம்பினா, அப்படியே நின்னுக்கோ."

பஸ்ஸில் அவளுக்கு விழி பிதுங்கியது. இனியும் போனால் வேலை போகும், போகாவிட்டால் அப்பா அதில் கால் வைத்து வழுக்கி விழுந்து தொலைப்பார். ஒரு பிடி நாய்க்குட்டி அவளை இரண்டு பக்கமும் நகர விடாமல் கட்டிப் போட்டிருந்தது.

கூடத்தில் அப்பா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூக்கைப் பொத்தி, மண்டியிட்டுத் துடைத்தாள். எதிர் வீட்டுக்காரர் குழாயடியில் சண்டை போட்டதை அவர் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். சாப்பிட்டாயா, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்.

குட்டி தள்ளாடி வந்து அவள் கையை நக்கியது. தோலுக்கு அடியில் விலா எலும்பை எண்ணிவிடலாம். எரிச்சலும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

கையைக் கழுவிவிட்டு வந்து கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டினாள். வாங்கிய இடத்திலேயே இன்று திருப்பி விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"என் வேலையே போயிடும்ப்பா. அதுவும் பாவம், எலும்பும் தோலுமா ஆயிடுச்சு."

அப்பா எழுந்தார். வலிக்கிற முட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கதவை மறித்து நின்றார்.

"அத அனுப்பாதம்மா. அது மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பால் வைக்கிறேன்."

அவள் கையிலிருந்து கயிறு நழுவியது. டாக்டர் சொன்னது மறந்துபோயிற்றா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

"தெரிஞ்சேவா? ஏம்ப்பா?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுக்கு உடம்பு சரியாயிட்டா, நீ இப்படி நடுவுல வர்றத நிறுத்திடுவியேம்மா."