இருபது மில்லிமீட்டர் சிலிண்டர்

“பிஸ்டனை மட்டும் நீயே கடைஞ்சு குடுத்துடும்மா. எனக்குக் கை நடுங்குது” என்று பெரியவர் கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

“அதுக்கென்ன சார், தாராளமா!”

பக்கத்து மேசை எலக்ட்ரீஷியன் கண்ணை உருட்டினான். “ரிஜெக்ட் சாருக்கே பார்ட் செஞ்சு குடுக்கப்போறியா? உனக்கு உசுரு மேல ஆசையே இல்லையா?”

அந்த மாலை வகுப்பில் ஆளுக்கொரு குட்டி நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அளந்து பார்த்து “ரிஜெக்ட்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

வகுப்பில் சேருவதற்கு முன்பே அவரை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா கடைந்த நாற்பது ஷாஃப்டுகளையும் அளவு குறைவு என்று சிவப்பு மை பூசி ஒதுக்கியவர் அவர்தான். அத்தோடு அப்பாவுக்கு வேலை போனது. இன்று ஒரு கிடங்கில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்.

“ஒவ்வொண்ணையும் லேத்துலேர்ந்து எறக்கின கையோட அளந்து வெச்சேன்டி. ஒண்ணுகூடக் குறையல. அந்த ஆளு வேணும்னே என்னைக் கவுத்துட்டான்” என்று அப்பா அம்மாவிடம் சொல்வதை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டு வளர்ந்தவள் அவள்.

இரண்டாவது வாரப் பாடம் அவள் நோட்டில் அடிக்கோடிட்டு இருந்தது: சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். பெரியவருடைய சிலிண்டர் இரும்பு. உள்விட்டம் சரியாக இருபது மில்லிமீட்டர். அலுமினிய பிஸ்டனை 19.97க்குக் கடைந்தால், விரிவதற்கு இடம் இருக்கும்.

19.99க்குக் கடைந்தால்? கையால் சுற்றும்போது சமர்த்தாக ஓடும். நீராவி ஏறி இரண்டு நிமிஷத்தில் சிலிண்டரைக் கவ்விப் பிடித்து நின்றுவிடும். வகுப்பின் நிறைவு நாளில், வந்த அத்தனை பேர் முன்னாலும். ஆயுசு முழுக்க அடுத்தவன் வேலையைக் குறை சொன்னவரின் எஞ்சின்!

அவர் அளந்து பார்க்க நேரம் இருக்கக் கூடாது. அதனால், “இதோ சார்”, “நாளைக்கு சார்” என்று நிறைவு நாள்வரை இழுத்தடித்தாள். ஆறு மணிக்கு எஞ்சின்களை ஓட்டிக் காட்ட வேண்டும். நாலரைக்குத்தான் அலுமினியத் துண்டை லேத்தில் மாட்டினாள்.

எண்ணெய்கூட விடாமல் ஒரே மூச்சில் சீவித் தள்ளினாள். லேத்திலிருந்து கழற்றி, வேஸ்ட் துணியால் பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டரை வைத்தாள். தன் கையையே நம்பாதவள். எதையும் மூன்று முறை அளப்பாள். மூன்று முறையும் 19.99. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஐந்தரைக்குப் பெரியவர் கையில் பிஸ்டனை வைத்தாள்.

அப்பாவையும் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள்.

“அந்த ஆளு மூஞ்சில முழிக்கணுமா நான்?”

“இன்னிக்கு ஒரு நாள் பாருங்கப்பா. மனசு குளிர்ந்துடும்.”

பாய்லர் சீறியது. பெரியவர் வால்வைத் திறந்தார். சக்கரம் தயங்கி, அசைந்து, சுழல ஆரம்பித்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று. நான்கு. சக்கரத்தின் ஆரக்கால்களே கண்ணுக்குத் தெரியாத வேகம்.

“ரிஜெக்ட் சார் பாஸாயிட்டார்டோய்!” என்று எலக்ட்ரீஷியன் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவளால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். “இது எப்படி சார் ஓடுது? நான் பத்தொம்பது தொண்ணூத்தொம்பதுக்குல்ல கடைஞ்சேன்!”

“தொண்ணூத்தொம்பதா?” பெரியவர் சிரித்தார். “அளக்காம எதையாச்சும் மாட்டுவேனா நான்? மைக்ரோமீட்டரை லென்ஸ் வெச்சுப் பார்த்தேனே. தொண்ணூத்தேழு. கச்சிதம்!”

“இல்ல சார். மூணு தடவை அளந்தேன். நோட்டுல இருக்கு.”

“லேத்தை விட்டு எடுத்த உடனேயா அளந்தே?”

“ஆமா.”

“அப்பச் சூடா இருந்திருக்கும். விரிஞ்சு நின்னதை அளந்திருக்கே. என் கைக்கு வர்றதுக்குள்ள சுருங்கிடுச்சு. நல்லவேளை, இங்க சரியா வந்து விழுந்துச்சு. வேற வேலையா இருந்தா மொத்தமும் ரிஜெக்ட்தான்.”

‘ரிஜெக்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பின்னால் நின்ற அப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“கேட்டீங்களாப்பா? அன்னிக்கு உங்க அளவு தப்புன்னார். இன்னிக்கு என் அளவும் தப்பாம்! இப்பவாச்சும் நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளுங்க!”

பெரியவர் அப்போதுதான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அப்பா மெல்ல அவள் பிடியிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார்.

“அவசர ஆர்டர்... அன்னிக்கு நானும் ஆற விடலம்மா.”