கடைசிக் கதவு

மிளகுக் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஜெயசுதா வீட்டுக்குள் ஓடி வருகிறாள். செல்போன் விளையாட்டில், தொலைந்த மகளைத் தேடும் ஒரு தாயோடு அறை அறையாகப் புதிர் அவிழ்த்து வந்தவள் அவள். கடைசிக் கதவின் விடை சற்றுமுன் மிளகு பறிக்க ஏணிமேல் நிற்கையில்தான் பிடிபட்டது. உள்ளே கணவன் விமல்ராஜ் அவளுடைய போனை நீட்டுகிறான். திரையில் அந்தக் கதவு திறந்து கிடக்கிறது. அதன் மஞ்சள் வெளிச்சம் அவன் சிரிப்பில் படிகிறது. "யூடியூப்ல பார்த்துத் திறந்துட்டேன் கண்ணு. அந்தப் புள்ள..." "வாயை மூடுங்க!" பச்சை மிளகு மணக்கும் கைகளால் காதைப் பொத்துகிறாள். "இத்தன நாளும் தேடுனது நானுங்க. கண்டுபுடிக்க நீங்க யாரு?" அவன் சிரிப்பு அணைகிறது. போனைப் பிடுங்கி, திரையைப் பார்க்காமலே மார்போடு கவிழ்த்துக்கொண்டு வெளியே பனிக்குள் நடக்கிறாள். "மம்மீ" என்று அவள் நெஞ்சிலிருந்து கூப்பிடுகிறது ஒரு சிறுமியின் குரல்.