மூன்று பிடி

இடவனும் வலவனும் இரண்டு கார்பன் அணுக்கள். ஆளுக்கு நான்கு கைகள். ஒரு கையில் சின்ன ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, மிச்ச மூன்று கைகளாலும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்தபடி, அசிட்டிலீன் என்ற பெயரில் ஒரு குடுவைக்குள் வாழ்ந்தார்கள். வலவனுக்கு எப்போதும் ஒரே பயம்தான். ஒரு கை நழுவினாலும் இடவன் போய்விடுவான்.

ஒரு நாள் குடுவைக்குள் செக்கச்செவேலென்று புரோமின் கூட்டம் இறங்கியது. எல்லாரும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஓடிவந்தார்கள்.

"அண்ணே, எங்களுக்கும் ஒரு கை கொடுங்க!" என்றது முதல் ஜோடி.

"விடாதேடா! நாம பிரிஞ்சிடுவோம்!" என்று வலவன் அலறினான்.

"ஒரு கைதானே, பார்த்துடலாம்!" என்று இடவன் விட்டே விட்டான். வந்த இருவரும் தங்கள் பிடியை உதறிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் தொற்றிக்கொண்டார்கள். கண்ணை இறுக மூடியிருந்த வலவன் மெல்லத் திறந்து பார்த்தான். இடவன் அங்கேயேதான் இருந்தான்!

அவ்வளவுதான், வலவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த ஜோடி யாருப்பா? ஓடி வாங்க!" என்று அவனே கூப்பிட்டான். அவர்களும் வந்து தொற்றிக்கொண்டார்கள்.

இப்போது இருவருக்கும் நடுவே ஒரே ஒரு பிடிதான். சட்டென்று வலவனின் உடம்பு தானாகத் திரும்பியது. இத்தனை காலமும் அவனால் இப்படி அசைய முடிந்ததே இல்லை. "இடவா, நான் சுத்துறேன்டா!" என்று கூவிக்கொண்டே பம்பரமாகச் சுழன்றான்.

"அண்ணே, எங்களுக்கு?" என்று கேட்டது மூன்றாவது ஜோடி.

"இந்தக் கை மட்டும் கிடையாது!" என்று சுற்றிக்கொண்டே சிரித்தான் வலவன்.