பெருக்காத வாசல்

புதுச்சேரியிலேயே மூடநம்பிக்கை முழுமையாக ஒழிக்கப்பட்ட ஒரே வீடு, கருவடிக்குப்பத்தில் உள்ள எங்கள் வீடுதான். இதை அறிவித்தவர் என் அப்பா கமலக்கண்ணன்.

லீவு முடிந்து அண்ணன் வெற்றிவேல் காஷ்மீர் எல்லைக்கு ரயிலேறிய அன்றே, அம்மா துடைப்பத்தைப் பரண்மேல் போட்டுவிட்டாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாதாம்.

“ஏன் அமுதா, நீ இங்க பெருக்கினா அங்க ரயிலு கவுந்துடுமா?” என்றார் அப்பா.

“பெத்தவளுக்குத்தான் தெரியும். நீங்க சும்மா இருங்க.”

“ராணுவத்தையே தொடப்பத்தால நடத்துறா பாருடா!” என்று என்னிடம் சிரித்தார்.

மூன்று நாளில் வீட்டுக்குள் நடந்தால் காலடி பதிந்தது. அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. அப்பாவின் கிண்டல் மட்டும் வேளை தவறாமல் வந்தது.

இதற்கிடையில் இன்னொரு அநியாயம். தெரு கூட்டும் அஞ்சலாட்சி அக்கா, தெரு முழுக்கப் பெருக்கிவிட்டு எங்கள் வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

“நான் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேம்பா.”

“வேணாம்டா, பாவம். இடுப்பு வலியா இருக்கும்.”

எங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும் பிடிக்கும் அந்த இடுப்பு வலியை வீடியோ எடுக்க, நான்காம் நாள் விடிந்ததும் மொட்டைமாடியில் பதுங்கினேன்.

அஞ்சலாட்சி அக்கா எங்கள் வாசலை நெருங்கினார். அப்பா செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்து வெளியே போனார். அம்மா பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

“இன்னிக்கும் நம்ம வாசல்ல தொடப்பம் பட வேணாம்மா. புள்ள இன்னும் போய்ச் சேரல.”